குடத்துக்காரியின் நடை

அரியலூரில் போர்டு எழுதிப் பிழைக்கும் வைரக்கண்ணுவின் வீட்டுச் சாக்கடையில் ஒரு நாள் கறுப்புத் தண்ணீர் வந்தது. மறுநாள் ஊதாவாக வந்தது. அதற்கடுத்த நாள் என்ன நிறம் வரப்போகிறது என்று பார்ப்பதற்குத் தெருவில் பாதிப்பேர் பல் விளக்குகிற சாக்கில் வாசலில் நின்றார்கள்.

எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாள்தான் துணிந்து கிட்டே போனாள். குனிந்து மோந்து பார்த்தாள்.

"சாராய ஊறல் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னாள். அந்த விஷயத்தில் அவள் சொன்னால் அப்பீல் கிடையாது. அவள் புருஷன் அவளுக்கு அவ்வளவு பயிற்சி கொடுத்திருந்தார். "சோடா உப்பு நாத்தந்தான் அடிக்கிது. ஆனா சோடா உப்புப் போட்டு வெளுத்த சட்ட ஒண்ணக்கூட அந்த மனுசன் மேல நான் பாத்ததில்லியே?"

கள்ள நோட்டு அடிக்கிறான் என்று ஒரு கட்சி. மை தடவிப் பார்த்து, களவுபோன ஆட்டைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்கிறான் என்று இன்னொரு கட்சி. உண்மை தெரிந்தபோது இரண்டு கட்சிக்குமே ஏமாற்றமாகத்தான் போயிற்று. வைரக்கண்ணு சினிமாக் கொட்டகையில் அறுந்து விழுந்த பிலிம் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு வந்து, சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்து, அதிலிருந்த கதாநாயகன், கதாநாயகி, வில்லன் எல்லாரையும் பாரபட்சமில்லாமல் தேய்த்துச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தான். கழுவிய பிலிம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன்மேல் அவன் தன் கையாலேயே படம் போடப்போகிறானாம். அந்தப் படம் திரையில் எழுந்து நடக்குமாம்.

"நடந்து எங்க போவுதாம்?" என்று கேட்டாள் கிருஷ்ணம்மாள்.

நியாயமான கேள்விதான். 

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நம்பர் எழுதுவது, கல்யாண வீட்டுக்கு 'நல்வரவு' எழுதுவது, கொட்டகைக்குக் கண்ணாடியில் சிலைடு எழுதுவது என்று அவனுக்குக் குறைவில்லாமல் வேலை வந்துகொண்டிருந்தது. 'புகை பிடிக்காதீர்' என்ற அவன் எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஊரே கொட்டகையில் பீடி பிடித்தது. ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்தவனைக் கெடுத்தது ஓர் எலி.

மெயின் படத்துக்கு முன்னால் அரசாங்கத்து நியூஸ் ரீல் ஒன்று போடுவார்கள். அதைப் பார்ப்பதற்கென்று யாரும் பிறக்கவில்லை. எல்லாரும் வெளியே டீக்கடையில் நிற்பார்கள். தன் சிலைடு நேராக விழுகிறதா என்று பார்க்க உள்ளே போன வைரக்கண்ணு மட்டும் அன்றைக்கு அதைப் பார்த்தான். நெல் மூட்டையை எலியிடமிருந்து காப்பாற்றுவது பற்றி என்னவோ சொன்னார்கள். அதில் கோட்டாலேயே வரைந்த எலி ஒன்று மூட்டைமேல் ஏறியது, வாலைச் சுருட்டியது, பிறகு திரும்பி வைரக்கண்ணுவைப் பார்த்தது. அவ்வளவுதான். மனிதர்கள் வேறு எதற்கெல்லாமோ மயங்குகிறார்கள். இவன் இதற்கு மயங்கினான்.

நேரே ஆபரேட்டர் ரூமுக்கு ஏறினான். ஆபரேட்டர் ராசாங்கம், பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளத்துக்காரர், கொட்டகை கட்டிய நாளிலிருந்து மிஷின் ஓட்டுகிறவர். ரீலைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினார். கட்டம் கட்டமாக எலி. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம்.

"ஒரு நொடிக்கு இதுல இருவத்திநாலு ஓடுதுய்யா. கண்ணு ஏமாந்து போவுது" என்றார் ராசாங்கம்.

"நாம போட முடியாதா?"

"கேமரா வேணும், லைட்டு வேணும், மெட்ராஸு வேணும்."

"பிலிம் மேலயே நேரா போட்டா?"

ராசாங்கம் ரீலைச் சுற்றி வைத்தார். ஊரான் எடுத்த படத்தையே காலமெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ கிடந்திருக்க வேண்டும். மூலையில் கிடந்த சாக்குப்பையை எடுத்து உதறினார். அறுந்த பிலிம் துண்டுகள் பாம்புக்குட்டிகள் மாதிரி நெளிந்து விழுந்தன.

இந்த ராசாங்கத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாராவாரம் புதுப் படத்தின் பெட்டி ரயிலில் வந்து இறங்கும். அதை இடது தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வழியாக அவர்தான் கொட்டகைக்கு நடப்பார். வண்டி வைக்கலாம் என்றால் கேட்கமாட்டார். பெட்டி நடந்து போனால்தான் படம் வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரியும் என்பது அவர் வாதம். அது வாஸ்தவமும்கூட. கடைக்காரர்கள் தராசை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். பையன்கள் பின்னாலேயே போவார்கள். பெட்டி தூக்கித் தூக்கி, பெட்டி இல்லாத நாளிலும் அவர் இடது தோள் காதைத் தொடப் பார்க்கும். பாதங்கள் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். நாலு எட்டுக்கு ஒரு தரம் இடுப்பை ஒரு வெட்டு வெட்டிக்கொள்வார். ஊரில் அவரைப் படப்பெட்டி ராசாங்கம் என்றால்தான் தெரியும்.

இரண்டு பேரும் சேர்ந்தார்கள். பெரம்பலூரில் வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் கெஞ்சி, கண்ணில் இடுக்கிக்கொள்கிற பூதக்கண்ணாடியை வாங்கிவந்தான் வைரக்கண்ணு. பலகை நடுவில் கண்ணாடி பதித்து, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து வெயிலை மேலே திருப்பினான். பிலிமின் ஓர ஓட்டைகளில் சரியாக மாட்டுகிற மாதிரி இரண்டு ஆணி அடித்தான். மை ஒட்டாமல் வழுக்கியது. சிலைடு எழுதும் வழக்கத்தில் அதில் துளி வஜ்ரப் பசை கலந்துகொண்டான். முதலில் ஒரு பந்து போட்டார்கள். காலையில் மிஷினைத் துடைக்கிற நேரத்தில் ராசாங்கம் அதை ஓட்டிக் காட்டினார். துள்ள வேண்டிய பந்து குளிர் ஜுரம் வந்தது மாதிரி நடுங்கியது.

"மலேரியா" என்றார் ராசாங்கம்.

அடுத்த பந்து கொஞ்சம் தேவலை. அதற்கடுத்தது நிஜமாகவே துள்ளியது. இரண்டு பேரும் காலியான கொட்டகையில் நின்று கைதட்டிக்கொண்டார்கள். கூட்டிப் பெருக்க வந்தவள் இவர்களைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

கொட்டகை முதலாளி கண்ணையன் காதுக்கு இதெல்லாம் போனது. அவர் மச்சினருக்குப் பெரிய பாத்திரக்கடை இருந்தது.

"பந்தெல்லாம் யாருய்யா பாப்பான்?" என்றார். "ஒரு பொம்பள கொடம் எடுத்துக்கிட்டுப் போவட்டும். கொடம் கீழ வுழுவட்டும். வுழுந்தும் நசுங்காம உருண்டு போயி, மச்சான் கட பேரு வரட்டும். அப்படின்னா போடு. ஞாயித்துக்கெழம மேட்னியில ஓட்டுவம்."

"கொடம் எப்படி முதலாளி தானா வுழும்?"

"ஒரு ஆட்ட வுட்டு முட்ட வையேன். கலைஞன் நீயா நானா?"

ஆடு சுலபம். ஆடு யாரையும் சட்டை செய்யாது; எவ்வளவு நேரம் பார்த்தாலும் கோபித்துக்கொள்ளாது. குடம் அதைவிடச் சுலபம். வினை வந்தது பொம்பளையால்தான். குடத்தை இடுப்பில் வைத்தவள் நடக்கும்போது எந்தத் தோள் இறங்குகிறது, எந்தக் கால் முதலில் மடங்குகிறது என்று பார்க்காமல் போட முடியாது. ஆகவே வைரக்கண்ணு நோட்டும் பென்சிலுமாகக் குழாயடிக்கு எதிரே சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றான். முகத்தைப் பார்த்திருந்தாலாவது ஊர் ஏதோ ஒரு கணக்கில் சேர்த்திருக்கும். இவன் முழங்காலுக்குக் கீழே பார்த்தான். அதுவும் குனிந்து பார்த்தான்.

குழாயடிக்கு வந்தவர்களில் திருத்தமான நடை அதே தெரு மலர்க்கொடிக்குத்தான். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று இரண்டு குடம் எடுப்பாள். ஒரு சொட்டுத் தளும்பாது. அவன் கண் அவள் காலோடு தெருமுனைவரை போயிற்று. கிருஷ்ணம்மாளின் கண் அவன் கண்ணோடு போயிற்று.

மலர்க்கொடி முகத்தைச் சுளித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவளோ நின்று, "என்னாண்ணே, எங்காலு கோணலாவா இருக்கு?" என்று சிரித்தாள். அவன் வேறு, "இல்ல தங்கச்சி, ரொம்ப நேரா இருக்கு. இன்னொரு தடவ நடந்து காட்டேன்" என்று சொல்லித் தொலைத்தான். அவளும் நடந்து காட்டினாள்.

இவ்வளவையும் சுமந்துகொண்டு கிருஷ்ணம்மாள் வைரக்கண்ணுவின் மனைவி தனத்திடம் போனாள். வழியில் பாரம் கொஞ்சம் கூடியிருந்தது.

"நான் எதுவும் சொல்லலடி யம்மா. எனக்கு என்னாத்துக்கு? அவ ஒரு நட நடக்குறா, இவரு ஒரு கோடு போடுறாரு. இன்னொரு நட, இன்னொரு கோடு. ஒலகத்துல படம் வரையிறவன் மூஞ்சியப் பாத்துத்தான் வரைவான்னு கேள்விப்பட்டிருக்கேன். சரி, எனக்கு அடுப்புல வேல கெடக்கு."

தனம் அதிகம் பேசுகிறவள் அல்ல.  அவன் வந்ததும் நோட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் கால். பெட்டியில் நாலு புடவையை வைத்தாள். அவன் சோடா உப்பு வாங்கக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் உடையார்பாளையம் பஸ் ஏறிவிட்டாள். அவளுக்கு அங்கேதான் அம்மா வீடு.

தெருவுக்கு அந்த வாரம் நன்றாகப் பொழுது போயிற்று.

வைரக்கண்ணு அழைத்துவரப் போனான். தனத்தின் அண்ணன் குழந்தைவேல் முந்திரி வியாபாரி, மரியாதை தெரிந்தவர். "வாங்க மாப்ள, ஒக்காருங்க" என்று விசிறியைக் கையில் கொடுத்தார். தட்டு நிறைய வறுத்த முந்திரி வந்தது. தனம் வரவில்லை. அவள் குரல் மட்டும் அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அண்ணே, அவரு என்னாத்துக்கு வந்தாருன்னு கேளு."

"கூப்புடத்தான் வந்தேன்" என்றான் வைரக்கண்ணு, முந்திரித் தட்டைப் பார்த்து.

"அந்தப் படத்த நிறுத்தியாச்சான்னு கேளு."

குழந்தைவேல் கேட்கவில்லை. வைரக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார். அவன் முழித்தான். பொய் சொல்லியிருக்கலாம். ஒரு சொல் சொன்னால் போதும், பெட்டியோடு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவனோ, "ஆரம்பிச்சிட்டேன் தனம். முதலாளிகிட்ட சொல்லியாச்சி. நீ நெனக்கிற மாதிரி எதுவும் இல்ல" என்றான். அந்த நேரத்திலும் அவன் மனசில் ஆடு எந்த இடத்தில் தலையைக் குனிய வேண்டும் என்பதும் ஓடிக்கொண்டிருந்தது என்றால், அவனைத் திருத்த யாரால் முடியும்?

அடுப்படியில் ஒரு பாத்திரத்தை 'ணங்'கென்று வைக்கிற சத்தம் கேட்டது.

"சரி, போடுங்க" என்றாள் தனம். இப்போது நேராகவே பேசினாள். "கொட்டாயில போடுங்க. நான் வந்து பாக்குறேன். அதுல நடக்குறவ மலர்க்கொடியா இருந்தா அடுத்த பஸ்ஸுல இங்க வந்துருவேன். அப்புறம் கூப்புட வராதீங்க."

"நகத்தளவு படம் தனம். மூஞ்சியே கெடையாது."

"மூஞ்சி எதுக்கு? அவ நட எனக்குத் தெரியாதா?"

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவன் வெளியே பார்க்கவில்லை. இதுவரை மை போட்டு வைத்திருந்த பிலிம் முழுக்க மலர்க்கொடிதான் நடந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வைத்தான். மறுபடி சாக்கடையில் கறுப்புத் தண்ணீர் வந்தது. "ஆரம்பிச்சிட்டான்" என்றாள் கிருஷ்ணம்மாள்.

சரி, தனத்தின் நடையையே போட்டுவிட்டால்? பலகையின் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினான். தனம் அரிசி களைவது தெரிந்தது. தலை துவட்டுவது தெரிந்தது. கோபம் வந்தால் கழுத்து திரும்புகிற கோணம் அச்சாகத் தெரிந்தது. நடப்பது மட்டும் தெரியவில்லை. வீட்டுக்குள் இருந்ததே இரண்டு எட்டு இடம். அதில் யாரும் நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. தெருவில் இறங்கினால் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பத்தடி பின்னால் வருவாள். அரியலூரில் எல்லாரும் அப்படித்தான் போனார்கள். இவர்களும் அப்படித்தான் போனார்கள். கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, சினிமாவுக்கு, கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் முதுகுக்குப் பின்னால்தான் நடந்திருந்தாள். எப்போதாவது அவன் திரும்பிப் பார்த்ததெல்லாம் "வெரசா வாயேன்" என்று சொல்லத்தான். அவன் திரும்பினால் அவள் நின்றுவிடுவாள்.

ஊரில் இருக்கிற லாரிகளின் நம்பரெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவன், பெண்டாட்டி எப்படி நடப்பாள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

குழாயடிக்குப் போக முடியாது. அவன் சைக்கிள் மணி கேட்டாலே பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். மலர்க்கொடி மட்டும், "நடக்கவாண்ணே?" என்று தூரத்திலிருந்து கேட்டாள். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினான்.

கொட்டகைக்குப் போய் ராசாங்கத்திடம் சொன்னான். அவர் பீடியை அணைத்தார்.

"நான் நடக்குறேன்யா."

"நீயா?"

"ஏன், எனக்குக் காலு இல்லியா? கொடத்தக் குடு. மொழங்கா மடங்குறதுல ஆம்பள என்னா, பொம்பள என்னா? ஒரு சீலயச் சுத்திவுடு, எல்லாம் சரியாப் போவும்."

வேறு வழி தெரியவில்லை. தனம் விட்டுப்போன பழைய புடவை ஒன்றை அவன் எடுத்துக்கொண்டு வந்தான். கொட்டகைக்குப் பின்புறம், கீற்றுத் தட்டிகளுக்கும் மதில் சுவருக்கும் நடுவில், காலை வேளையில் யாரும் வராத இடம் ஒன்று இருந்தது. அங்கே மீசையும் புடவையுமாகப் படப்பெட்டி ராசாங்கம் இடுப்பில் குடத்தோடு நடந்தார். வைரக்கண்ணு தரையில் படுத்துக்கொண்டு கோடு போட்டான்.

"நாணமா நடக்கவா?"

"நாணம் வாணாம். கால மட்டும் பாத்து வையி."

இந்த இடத்தில் யாராவது ஒருவர் வந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். ஊர் எப்போது எட்டிப் பார்க்க வேண்டுமோ அப்போது மட்டும் பார்ப்பதில்லை.

பிறகு அவன் வெயில் இருக்கிற நேரமெல்லாம் பலகையோடு கிடந்தான். போர்டு எழுதச் சொன்னவர்கள் வந்து வந்து திட்டிவிட்டுப் போனார்கள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கியவனுக்கு முழங்கால் தெரிந்தது, கணுக்கால் தெரிந்தது, குடத்தின் விளிம்பு தெரிந்தது; ராசாங்கம் தெரியவில்லை. முடிந்த துண்டுகளை ராசாங்கம் ஒட்டி ஓட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. தன் நடையை அவர் எங்கே பார்த்திருக்கிறார்? அவர் முன்னால் நடக்க, ஊர்தான் பின்னால் நின்று பார்த்திருக்கிறது.

"அசல் பொம்பளய்யா" என்றார் ராசாங்கம் திருப்தியாக. "இதுல மலர்க்கொடியக் கண்டேன்னு எவளாவது சொன்னா நான் மிஷின வுட்டே போயிடுறேன்."

ஒருவழியாகப் படம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குக் கொட்டகையில் இடமில்லை. மெயின் படம் பழசுதான். ஏற்கெனவே இரண்டு தடவை வந்துபோனது. கூட்டம் அதற்கு வரவில்லை. வைரக்கண்ணு பெண்டாட்டி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள் என்று கிருஷ்ணம்மாள் காலையிலேயே தெருத்தெருவாகப் போய் யாருக்கும் சொல்லாமல் சொல்லியிருந்தாள். கூட வந்த அண்ணன் ஆண்கள் பக்கம் போக, பெண்கள் பக்கம் தனம் நடுவில் உட்கார்ந்தாள். கிருஷ்ணம்மாள் அவளுக்கு நேர்ப்பின்னால் இடம்பிடித்துக்கொண்டாள். அங்கிருந்துதான் கன்னம் தெரியும். மலர்க்கொடி கடலைப் பொட்டலத்தோடு தாமதமாக வந்து, வேறு இடமில்லாமல், தனத்துக்குப் பக்கத்து வரிசையில் உட்கார்ந்தாள். அதைவிட வசதியாக யாராலும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. வைரக்கண்ணு உள்ளே வரவில்லை. கதவுப் படுதாவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். அங்கிருந்து பார்த்தால் திரை கொஞ்சம் தெரியும். தனத்தின் கொண்டை கொஞ்சம் தெரியும். அவன் கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரை வெள்ளையானது. இடது ஓரத்திலிருந்து கறுப்புக் கோட்டில் ஒருத்தி வந்தாள். இடுப்பில் குடம், தோளில் முந்தானை. முகம் கிடையாது, வளையல் கிடையாது. ஓரமெல்லாம் புழு நெளிகிற மாதிரி நடுங்கியது. ஆனால் நடந்தாள். நிஜமாகவே நடந்தாள். பீடிப் புகைக்கு நடுவே கொட்டகை அப்படியே வாயடைத்துப்போனது. பின்னால் ஆடு வந்தது. அவள் நின்றால் ஆடு நின்றது. யாரோ மெல்ல, "அட!" என்றார்கள்.

அவள் மறுபடி நடந்தாள். இடது தோள் ஏறியது. பாதங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. நாலாவது எட்டில் இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது.

தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "டேய்! நம்ம படப்பெட்டி ராசாங்கம்டா!"

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல யாராலும் முடியவில்லை. சிரிப்பில் பெஞ்சு ஒன்று சாய்ந்தது. "பெட்டி எங்கடி போட்ட, ராசாத்தி?" என்றான் ஒருவன். "ரயிலு வந்துருச்சா?" என்றான் இன்னொருவன். ஆடு முட்டி, குடம் விழுந்து உருண்டு, பாத்திரக்கடை பேர் வந்ததை ஒருத்தரும் படிக்கவில்லை. முதலாளி கண்ணையன் நாற்காலி வரிசையில் எழுந்து நின்று, "ஆட்டப் பாருங்கய்யா! கொடத்தப் பாருங்கய்யா!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியாக ராசாங்கத்தின் முகம் ஒரு தரம் தெரிந்து மறைந்தது. ஊர் அவரை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை முதல்முதலாக அன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

மலர்க்கொடிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். கடலைத் தோலோடு கிருஷ்ணம்மாள் பக்கம் திரும்பினாள். "ஏஞ் சித்தி, இதுக்கா என்னய ஊரெல்லாம் இழுத்த? இதுவா எங்காலு?"

கிருஷ்ணம்மாள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றாள். அந்தத் தெரு தோன்றிய நாளிலிருந்து அவள் வாயில் அப்படி ஒரு சொல் வந்ததில்லை.

வைரக்கண்ணு படுதாவை விட்டுவிட்டு வெளியே வந்தான். சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தடியில் நின்றான். அவனைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்துபோயிற்று. நெல் மூட்டை எலி மாதிரி ஒரே ஒரு ஜீவனை நடக்கவைக்க நினைத்தான். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. நகத்தளவு படத்தில், முகமே இல்லாத கோட்டில், இன்னார் நடக்கிறார் என்று ஊரே ஒரே குரலில் சொல்லிவிட்டதே, அது என்ன சாமானியமா என்று அவனுக்குத் தோன்றவில்லை. சொல்லவும் யாரும் இல்லை. பிற்பாடு அதே ரீலைப் பெரம்பலூரிலும் ஓட்டினார்கள். அங்கே யாரும் ராசாங்கம் பெட்டி தூக்கி நடந்து பார்த்ததில்லை, யாரும் சிரிக்கவுமில்லை. பாவம், காலில் முள் குத்திய பொம்பளை போலிருக்கிறது என்று உச்சுக்கொட்டினார்களாம்.

உள்ளே மெயின் படம் மறுபடி தொடங்கிவிட்டது; வசனம் கேட்டது. அப்போது படுதாவை விலக்கிக்கொண்டு தனம் வெளியே வந்தாள். இடைவேளைக்குப் பிறகு படத்தை விட்டுவிட்டு அரியலூரில் ஒரு பெண் எழுந்து வருவது என்றால் பிரசவ வலியாக இருக்க வேண்டும். அவள் மரத்தடிவரை வந்து, நாலடி தள்ளி நின்றாள்.

"ராசாங்கம் அண்ணனுக்குச் சீல கட்டிவுட்டது யாரு?"

"நாந்தான்."

"எஞ் சீலயா?"

"பழசு."

"முந்தானைய வலது தோள்ல போட்டிருக்கீங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்படியா?"

"இத்தன வருசம் பாத்த லட்சணம்" என்றாள். சிரித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் முகம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. "பெட்டி எங்கண்ணங்கிட்ட இருக்கு. படம் முடிஞ்சதும் கொண்டாந்து குடுக்கும். அதுக்குக் கிளைமாக்ஸ் பாக்கணுமாம்."

பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாலும் திரும்புவேன் என்று சொன்னவள் உடையார்பாளையத்திலிருந்து எதற்காகப் பெட்டியும் கையுமாக வந்தாள் என்று அவன் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை டீக்கடையில் நின்றிருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் புறப்பட்டார்கள். வழக்கப்படி அவன் முன்னால் போகக் காலெடுத்தான். தனம் நின்ற இடத்திலேயே நின்றாள். அவனும் நின்றான். பிறகு அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவனைத் தாண்டி, ரோட்டில் முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலில் கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. பெண்டாட்டி முன்னால், புருஷன் பத்தடி பின்னால். வளையல் கடைக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "நீங்களும் ஒரு நாளு பின்னாடி வாங்களேன், குடியா முழுவிடும்?" என்றாள்.

வைரக்கண்ணுவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவன் விரல்கள் சட்டைப் பையில் பென்சிலைத் தேடின. ஆனால் ஒன்று: தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் யாரும் தன் நடையை நடப்பதில்லை. தனம் முதுகை விறைத்துக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கல்யாண ஊர்வலத்தில் புது மாப்பிள்ளை நடக்கிற மாதிரி நடந்தாள். படத்துக்கு அது ஒரு துளியும் ஆகாது. அது அவனுக்கும் தெரிந்தது. இருந்தாலும் அவன் கண்ணை எடுக்கவில்லை. எதிரே வந்த லாரி அவனுக்காக ஒதுங்கிப் போயிற்று.

ரெயில்வே கேட் திருப்பத்தில் அவள் திரும்பாமலேயே சொன்னாள்.

"இப்படியே பாத்துக்கிட்டு வராதீங்க. லாரியில வுழுந்த கல்லு கெடக்கு, தடுக்கும்."

தடுக்கியது.